வெறுங்காலில் ஓடிய காட்சி

பதினோராம் நம்பர் சட்டைக்காரிக்கு,

உன் ஆஸ்பத்திரி வார்டில் போன் கூடாதாம். அதனால்தான் கடிதம்.

நம் கல்லூரிக் கூடைப்பந்து அணி கோப்பை வென்றதைப் பற்றிய ஆவணப்படத்தை நேற்று கல்லூரி அரங்கில் போட்டார்கள். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஷூ வாங்க வக்கில்லாமல் நாம் வெறுங்காலில் பயிற்சி எடுத்தோமாம்! உன் நைனா விசைப்படகில் போய்ச் சம்பாதித்து நமக்கெல்லாம் வாங்கித் தந்த ஷூவை யார் போட்டு ஆடினார்கள்?

எண்ணூர்க் காற்றில் அனல்மின் நிலையத்திலிருந்து வந்து படியும் சாம்பலில் கால் வழுக்கும் என்று, தினமும் தரையை ஈரச்சாக்கால் துடைத்துவிட்டுத்தானே பந்தைத் தொடுவோம்? அது ஒரு நொடிகூடப் படத்தில் இல்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து துடைத்த நீயும் இல்லை.

டைரக்டரை மறித்தேன். "இன்னா சார், இருமிக்கினே தொடச்சாளே, அவ எங்க?"

"சாம்பலைக் காட்டினா ஸ்பான்சர் கோச்சுப்பாங்கம்மா."

நன்றாகத் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வெறுங்கால்ல ஓடுனது யாரும்மா?"

நான்தான். படம் எடுத்த அன்று ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். தரையை அவர்களே கழுவி வைத்திருந்தார்கள். வழுக்கவே இல்லை.

எழுந்து வந்து என்னைத் திட்டு. நடுவில் இன்ஹேலரைத் தேடாமல், ஒரே மூச்சில் திட்டித் தீர்.

உன் நாலாம் நம்பர்