காற்று முதுகில் இருந்த மாலை

அன்புள்ள அய்யா,

இன்று காலை எழுந்ததும் முதலில் மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இராமநாதபுரம் வரைக்கும் கடல் வாசனை வராது என்று நீங்கள் அடித்துச் சொல்வீர்கள். இன்று வந்தது. கொக்கியைப் போட்ட பிறகும் ஜன்னலை விட்டு நகராமல், உங்களையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பாம்பன் ரயில் பாலத்தில் நீங்கள் கீமேன். தோளில் சுத்தியலோடு தண்டவாளத்தை ஒட்டி நடந்து, எங்கேனும் பிடிப்பு இளகியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கச்சான் காலத்தில் அந்தப் பாலத்தில் யாருக்கும் மூச்சு வாங்கும். அதனாலேயே நம் ஊரில் யார் நின்று இளைத்தாலும் 'காத்து' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். காற்றுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? உங்களுக்குச் சர்க்கரை பல வருடமாக இருந்தது. ஒரு கால் செருப்பு வழியில் கழன்றது தெரியாமலே வீடு வந்து சேர்ந்ததை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நாங்களும் சிரித்தோம்.

நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். நான் ஊருக்கு வந்திருந்தேன். சாயங்காலம் ரோட்டுப் பாலத்தில் மண்டபத்துப் பக்கமாக நடந்தோம். காற்று முகத்தில் அறைந்தது. கொஞ்ச தூரத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"காத்து, தாயி. செத்த நின்னுட்டுப் போவோம்."

திரும்பி வரும்போதும் நின்றீர்கள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னய்யா?"

"காத்துதான்."

"காத்து இப்பப் பின்னாலருந்துல்ல தள்ளுது?"

என் முந்தானை எனக்கு முன்னால் பறந்துகொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். "அப்ப வாய்வா இருக்கும். மத்தியானம் மொச்சக் கொழம்பு."

"நெஞ்சு வலிக்குதா?"

"ஒரு பொட்டு வலி கிடையாது."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "ஒங்க அய்யாவக் கட்டின நாள்லருந்து எனக்குந்தான் மூச்சு வாங்குது, என்னய எந்த ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ?" என்றபடி சோடா வாங்க ஆள் அனுப்பினாள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "வலிக்காத எடத்துக்கு வைத்தியம் தேடிப் போனா ஊரே சிரிக்கும் தாயி" என்றீர்கள்.

"சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க வாங்க."

இராமநாதபுரத்து டாக்டர் ஈசிஜி எடுத்தார். கோளாறு எதுவும் தெரியவில்லை. 'பார்த்தாயா' என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டையைப் போட ஆரம்பித்தீர்கள். டாக்டர் தடுத்தார்.

"படுத்திருக்கையில எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். நடக்கையில பாக்கணும். சர்க்கரை நாள்பட்டா வலியைச் சொல்ற நரம்பே மங்கிப்போகும் பெரியவரே. சர்க்கரை உள்ள எல்லாரும் இந்தச் சோதனைக்கு ஓடணும்னு சொல்லல. உங்களுக்கு மூச்சு வாங்குது. பாத்தே ஆகணும்."

மதுரையில், ஏசி போட்டுச் சாத்திய ஓர் அறை. மார்பெல்லாம் ஒயரை ஒட்டி, ஓடும் பட்டையின் மேல் உங்களை ஏற்றினார்கள். "எம்புட்டு நடந்தாலும் இங்கனயேல்ல நிக்கிறேன்" என்றீர்கள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பட்டையின் வேகம் கூடியது, முன்பக்கம் உயர்ந்து மேடானது. உங்கள் பேச்சு நின்றது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இளைப்புக்கு நடுவே என்னைத் தேடித் திரும்பினீர்கள்.

"இங்கன காத்தே இல்லையே, தாயி."

காகிதத்தில் ஓடிய கோட்டைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டர் உடனே எந்திரத்தை நிறுத்தினார். அப்போதும் உங்களுக்கு வலி இல்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரிய அடைப்புகள். அறுவை சிகிச்சை. மார்பில் நீளத் தழும்போடு பாம்பனுக்குத் திரும்பினீர்கள். வந்த சில மாதங்களில் பழைய கூட்டாளிகளை டீக்கடையில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே டாக்டராகிவிட்டதாக அம்மா புகார் சொன்னாள்.

"ஏலே, சக்கர இருக்கவனெல்லாம் காத்து முதுகுல அடிக்கையில பாலத்துல நடந்து பாருங்க. அப்பயும் நிக்கணும்னு தோணுச்சா, மருவாதையா ஆசுபத்திரிக்குப் போங்க."

பாதிப்பேர் கேலி செய்தார்கள். உங்களோடு வேலை பார்த்த ஒருவர் மட்டும் போனார். அவருக்கும் அடைப்பு இருந்தது. ஆரம்பம் என்பதால் மாத்திரையோடு விட்டார்கள். நீங்கள் போன அன்று தூக்கிச் சென்ற நால்வரில் அவரும் ஒருவர். இளைக்காமல் நடந்தார், அய்யா. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவை முடிந்து பத்து வருடத்துக்கு மேல் இருந்தீர்கள். பாலத்தில் அகலப்பாதை ரயில் ஓடியதையும், பேத்தி கல்லூரிக்குப் போனதையும் பார்த்தீர்கள். கடைசியில் களைத்தது சிறுநீரகம். இருதயம் கடைசிவரை கூடவே வந்தது.

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும், நீங்கள் கண் கலங்கினீர்கள். இந்த மாதம் அலுவலக மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன். முதல் தடவை நின்றபோது, "வெயில் மேடம், இந்த வருசம் ரொம்ப ஓவர்" என்றாள் உடன் வேலை செய்யும் பெண். நானும் "ஆமா, வெயில்" என்றேன். நேற்று நல்ல மேகமூட்டம். படியில் நிழல். நேற்றும் நின்றேன். நேற்றும் என் வாயில் முதலில் வந்தது வெயில்தான்.

எதையாவது காரணம் சொல்லி நகரும்போதெல்லாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிய உங்கள் முகம் வந்துவிடுகிறது. அந்த முகத்தில் பயம் இருந்தது. அதைவிட அதிகமாக, கண்டுபிடித்துவிட்ட ஒரு தெளிவு இருந்தது. உங்களிடமிருந்து எனக்கு வந்தவற்றில் அந்த முகத்தைத்தான் அதிகம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னால் இராமேஸ்வரத்துக்கு நேர்ந்துகொள்வாள். இவரிடம் சொன்னால், வலிக்கிறதா என்று மணிக்கொரு தடவை கேட்பார். இதுவரை வலி இல்லை. வியாழக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன், காரணம் 'சொந்த வேலை'. காலை ரயிலில் மதுரைக்குப் போய், அந்தப் பட்டையில் நானும் ஏறி நடக்கப்போகிறேன்.

உங்கள் மகள்