ஐந்தாவது வாரத் தண்ணீர்

மார்ச் 12, புதன்

மூன்றாவது வாரமும் எங்கள் ஊர் ஆறு தேறிவிட்டது. இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. தொடர்ந்து ஐந்து வாரம் தண்ணீர் சுத்தம் என்று எங்கள் ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தால், மாநகராட்சி ஆற்றுப் படிக்கட்டைத் திறந்துவிடும். அறுபது வருஷத்தில் முதல் தடவை.

அம்மாவிடம் சொன்னேன். "திறக்கட்டும், பார்ப்போம்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஆனால் அண்ணன் வீட்டுக்குத் தான் போகிற டிக்கெட் ஏப்ரல் பத்துதானே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். திறப்பு ஆறாம் தேதி. எனக்கா புரியாது?

மார்ச் 15, சனி

அம்மா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த சாய ஆலை இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. சாயத்தொட்டி இருந்த கூடத்தில் உடற்பயிற்சிக் கூடம். "காசு வாங்கிட்டு வேர்த்த இடத்துல இப்ப காசு கொடுத்து வேர்க்கிறாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அம்மா சிரித்து முடிக்க நேரமாயிற்று.

ஆலைக்குப் போகும்போது பாலத்தில் நின்று பார்த்தாலே அன்றைய வேலை தெரிந்துவிடுமாம். சிவப்பு ஓடினால் சிவப்புச் சரக்கு, நீலம் ஓடினால் நீலம். சாய ஆலை போய், இரும்பு வார்ப்பு ஆலைகள் போய், இப்போது ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி. ஊருக்கு வெளியே பேட்டரி தொழிற்சாலை.

"ஆத்தக் கெடுத்தது நாங்கதான்" என்றாள் திடீரென்று.

"நீயா கெடுத்த? முதலாளி சொன்னதைச் செஞ்ச."

"வாளியைக் கவுத்தது என் கைதானே."

டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்

நான்காவதும் தேறியது. சந்தோஷம். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 26, புதன்

தேறவில்லை. கிருமி எண்ணிக்கை வரம்பைப் போல மூன்று மடங்கு.

ஒரு மணி நேரம் ஆற்றைத் திட்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை கரையில் நின்றபோது அண்ணன் போன். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, பாட்டிலை ஆற்றுத் தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டுத்தான் பிடித்தேன். ரசாயனச் சோதனைக்கு அப்படித்தான் அலசவேண்டும், பதினைந்து வருஷப் பழக்கம். கிருமிச் சோதனைப் பாட்டிலை அலசவே கூடாது; கையிலிருக்கிற கிருமியும் உள்ளே போய்விடும். திறந்ததும் பிடித்து மூடிவிடவேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கே சொல்லித் தருகிற பாடம் — நானே சொல்லித் தருகிற பாடம். அடியே, புத்தி எங்கடி போச்சு உனக்கு?

மேலாளரிடம் சொன்னேன். "அலசினதை யாரு பார்த்தா? இன்னிக்கே வேற பிடிச்சுட்டு வா. திங்கட்கிழமை தேதி போட்டுக்கலாம். ஊரே காத்துக்கிட்டிருக்கு." கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலேயிருந்து தினம் போன்.

கெட்டது ஆறா, என் கையா? தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எப்படி எழுதுவது? ஆனால் எழுதிவிட்டால் அம்மா படிக்கட்டில் இறங்கலாம். ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

மார்ச் 27, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். "மாதிரி எடுத்ததில் என் தவறு. இந்த வாரம் செல்லாது." தொடர்ச்சி அறுந்துவிட்டதால் மறுபடி ஒன்றிலிருந்து. எல்லாம் தேறினால் மே நான்கு திறப்பு. மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதற்குள் மழையும் குளிரும் வந்துவிடும், படிக்கட்டை மூடிவிடுவார்கள் என்பதையும். கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். "சாப்பிட்டியா?" என்றாள். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

அண்ணன் போன். "அம்மா டிக்கெட்ட மாத்தச் சொல்றாங்க. அங்க என்னடி பண்ணி வச்சிருக்க?"

"பாட்டில அலசினேன்" என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

ஐந்தும் தேறியது! கரைக்குப் போகிற நாட்களில் போனை அணைத்தே வைத்திருந்தேன்.

மே 4, ஞாயிறு

நல்ல கூட்டம். ஆனால் எல்லோரும் மேல்படியிலேயே நின்றார்கள். அந்தத் தண்ணீரைத் தொடாதே என்று அடி வாங்கி வளர்ந்த ஊர், சட்டென்று இறங்குமா?

அம்மா செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கினாள். முழங்கால் வரை. ரொம்ப நேரம் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்படியில் குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நிஜமாவே சுத்தமாம்மா? நம்பி இறங்கலாமா?"

"தைரியமா இறங்கு" என்றாள் அம்மா. "பார்த்துச் சொன்னது என் பொண்ணு. தப்பு பண்ணினா, பண்ணினேன்னு எழுதிக் கொடுக்கிறவ."

அந்தப் பெண் குழந்தையின் செருப்பைக் கழற்றினாள்.