இரண்டு விசில்

12.06.2009, வெள்ளி – புவனகிரி

சிந்துஜா இன்றும் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்தாள். பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இது இரண்டாவது. கேட்டால், "எங்கயோ வச்சிட்டன்ப்பா" என்கிறாள். கடலூரில் ஏழு வருஷம் படித்தவள், ஒரு பென்சிலைக்கூடத் தொலைத்ததில்லை.

ஜெயராணி அவளைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கு என்று தெரியும். கடலூரிலிருந்து எனக்கு இந்த டெப்போவுக்கு மாற்றல் ஆனபோது, இங்கேயும் பெண்ணை மெட்ரிகுலேஷனில்தான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் அரசுப் பள்ளியில் படித்துத்தான் கண்டக்டர் ஆனேன். என் பெண் சிதம்பரத்தில் அரசுப் பள்ளியில் எட்டாவது படித்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாள் என்று நான்தான் முடிவு செய்தேன்.

அதில் ஒரு வசதியும் இருந்தது. புவனகிரியில் எட்டு இருபதுக்குக் கிளம்பும் என் டவுன் பஸ்ஸே அவளைப் பள்ளிக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். பின்படிக்கு அடுத்த சன்னல் சீட்டை அவளுக்குப் பிடித்து வைக்கிறேன். முதல் நாள், பஸ்ஸில் வந்த பள்ளிப் பெண்களிடம், "எட்டாவது யாரும்மா இங்க? இது என் பொண்ணு, பாத்துக்குங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.

19.06.2009, வெள்ளி

இன்று பஸ்ஸில் ஒன்று கவனித்தேன். உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம்தானே. சிந்துஜாவும் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கையை நீட்டினாள். அந்தப் பெண் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டது. புதுப் பெண்ணிடம் கூச்சமாக இருக்கும்.

சாயந்திரம் யூனிபார்மின் முதுகு முழுக்க மை. பேனா லீக் ஆகிவிட்டதாம். முதுகிலா?

02.07.2009, வியாழன்

மறுபடியும் வயிற்று வலி, லீவு. பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிட்டது.

13.07.2009, திங்கள்

"இன்னையிலேர்ந்து நான் அடுத்த பஸ்ல வர்றன்ப்பா" என்றாள். அடுத்த வண்டி எட்டு ஐம்பதுக்கு. அதில் போனால் பிரேயருக்குள் போய்ச் சேர முடியாது, கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்றேன். "பரவால்லப்பா" என்றாள். ஏன் என்று கேட்டால் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருக்கிறாள்.

வெட்கமா? காக்கிச் சட்டையும் தோல் பையுமாக அப்பன் நிற்பது அவளுக்குக் கேவலமாக இருக்கிறதா? சின்ன வயதில் என் விசிலைப் பிடுங்கி வீடெல்லாம் ஊதிக்கொண்டு ஓடியவள். இன்று அந்தச் சன்னல் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து வந்தார்கள். எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

போதாக்குறைக்கு டைம் வேறு இழுத்தது. கீரப்பாளையம் தாண்டியதும் பின்னால் தனியார் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மேட்டுக்காலனி ஸ்டாப்பில் வழக்கம்போல இலவசப் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் இருபது பேர். அதுகள் ஏறி முடிக்க மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் தனியார்க்காரன் முந்திப் போய் வழியில் நிற்கும் ஆட்களையெல்லாம் அள்ளிவிடுவான். டிரைவர் ராஜமாணிக்கம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. நான் இரண்டு கொடுத்தேன். "எடம் இல்ல, அடுத்த வண்டில வாங்க!" என்று படியிலிருந்து ஒரு சத்தம் போட்டேன். வாரத்தில் மூன்று நாளாவது இப்படித்தான். எல்லா டவுன் பஸ்ஸிலும் நடப்பதுதான்.

27.07.2009, திங்கள்

ஜெயராணி ஒருவழியாக அவள் வாயிலிருந்து வரவழைத்துவிட்டாள். வகுப்பில் சிந்துஜா உள்ளே நுழைந்தால் விசில் அடிக்கிறார்களாம். பதில் சொல்ல எழுந்தால் விசில். மத்தியானம் சாப்பிட உட்காரப் போனால் இரண்டு விசில், எல்லோரும் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார்கள். டிபன் பாக்ஸ் தொலையவில்லை, கிணற்றில் போட்டிருக்கிறார்கள். முன்னால் நிற்பது எழிலரசி என்று ஒரு பெண்ணாம். எட்டு வாரமாக என் பிள்ளை தனியாக, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"கண்டக்டர் பொண்ணுன்னு கேலி பண்ணுதுங்க, பாத்தீங்களா? அன்னைக்கே சொன்னன்" என்றாள் ஜெயராணி.

எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கண்டக்டர் வேலை என்ன திருட்டு வேலையா? பதினாறு வருஷமாக நின்றே சம்பாதித்த சோறு. அதைப் பார்த்து விசில் அடிக்க இதுகள் யார்?

28.07.2009, செவ்வாய்

டூட்டி மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியை புஷ்பவள்ளி டீச்சர் நல்ல மாதிரி. ஆனால் அறுபத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்.

"வெளையாட்டா பண்ணுதுங்க சார். எழிலரசிய நான் கண்டிக்கிறன். அது படிக்கிற புள்ளதான், ஆனா தெனம் லேட்டு. பாதி நாளு கேட்டுக்கு வெளியதான் நிக்கிது."

"ஒழுக்கம் இல்லாத புள்ள டைமுக்கு எப்படி வரும்?" என்றேன். டீச்சரும் தலையாட்டினார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் முன்னாலேயே முட்டி போட வைத்தார். ஒல்லியாக, சிவப்பு ரிப்பன் கட்டிய பெண். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த முகம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சிந்துஜா, "ஏம்ப்பா போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

10.08.2009, திங்கள்

வகுப்பில் சிந்துஜா உட்காரும்போது பெஞ்சை இழுத்துவிட்டார்கள். மோவாய் முன்னாலிருந்த டெஸ்க் விளிம்பில் இடித்து மூணு தையல். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். தையல் போடும்போதுகூட என் புள்ள சத்தம் போடல, என் கைய மட்டும் புடிச்சிகிட்டா. நான் போய் சொன்னதாலதான் இது. நான் போகாம இருந்திருந்தா? போகாமயும் எப்படி இருக்கிறது? எந்த அப்பன் இருப்பான்?

ஜெயராணி முடிவாகச் சொல்லிவிட்டாள். டி.சி. வாங்கிக் கடலூரில் அவள் அக்கா வீட்டில் விட்டுவிட வேண்டும். இனி ஒரு நாள்கூட அந்தப் பள்ளிக்கு அனுப்ப மாட்டாளாம். சிந்துஜா இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

13.08.2009, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

ஹெச்.எம். அறையில் நானும் ஜெயராணியும், எதிரே எழிலரசியும் அவள் அம்மா ராசம்மாளும். அந்த அம்மா களையெடுப்பிலிருந்து நேராக வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. "சின்ன புள்ள தாடையில தையலு. நாங்க பொறுத்துக்கணுமா?" என்று ஜெயராணி கேட்டாள். ராசம்மாள் உடனே பெண்ணின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். ஹெச்.எம். தடுத்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னா சொன்ன? நீயே சொல்லு" என்று அதட்டினார் ஹெச்.எம்.

எழிலரசி என்னைப் பார்த்துதான் சொன்னது. "ரெண்டு விசில் அடிச்சன். எடம் இல்ல, அடுத்த வண்டில வான்னு சொன்னன். அப்புறம் பெஞ்ச இழுத்தன்."

அது என் குரல். என் வார்த்தை, ஒன்று விடாமல்.

அப்போதுதான் முகம் பிடிபட்டது. மேட்டுக்காலனி. ரோட்டோரம், புளியமரத்துக்கு முன்னால், சிவப்பு ரிப்பன்.

ராசம்மாளும் அப்போதுதான் என் காக்கிச் சட்டையைக் கவனித்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எம்பொண்ணு ஏழரைக்கே போயி நிக்கிது சார். வண்டி நின்னாத்தான ஏறும்? மூணு நாளு லேட்டுன்னா ஒரு நாளு ஆப்சென்ட்டு போடுறாங்களாம். இப்புடி ஆனா எட்டாவதோட நிறுத்திப்புடலாம்னு அதும் அப்பா சொல்லுது."

ஹெச்.எம். பஸ் விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழிலரசிக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட் என்றார். "உங்களுக்குத் திருப்திதானே, பாலகுமார் சார்?"

நான், "சரிங்க மேடம்" என்றேன்.

சரிங்க மேடம். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. ஜெயராணி பக்கத்தில் இருந்தாள், டீச்சர் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோழைப் பயல்.

14.08.2009, வெள்ளி

காலையில் சிந்துஜாவிடம் கேட்டேன். "ஏன் விசில் அடிக்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மொதல்லேர்ந்தேவா? ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

தையல் மேல் போட்டிருந்த பஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "நான் சன்னல் சீட்டுல உக்காந்திருந்தன்ப்பா. அவுங்க என்னையே பாத்துகிட்டு நிப்பாங்க. நீங்க விசில் அடிப்பீங்க."

டூட்டிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன்.

17.08.2009, திங்கள்

கிளம்புவதற்கு முன்பே ராஜமாணிக்கத்திடம் சொல்லிவிட்டேன், மேட்டுக்காலனியில் இனி தினமும் நிற்கும் என்று.

"மச்சான், உனக்கு என்னா ஆச்சி? பின்னாடி வர்றவன் முந்திகிட்டுப் போவான். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பருக்கு நீயா பதில் சொல்லுவ?"

"நான்தான் சொல்லுவன்."

ஒரு விசில் கொடுத்தேன். வண்டி ஸ்டாப்பிலேயே நின்றது. ஒரு பிள்ளைகூட ஏறவில்லை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. சில நாள் நூறடி தள்ளி நிறுத்துவோம். பிள்ளைகள் ஓடி வந்து கம்பியைப் பிடிக்கும்போது எடுத்துவிடுவோம். கிளீனர் பையன்கள் மாதிரி அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். இன்று நானே கீழே இறங்கி ரோட்டில் நின்றுகொண்டேன். "ஏறுங்கம்மா. நான் கீழ நிக்கிறன், வண்டி போவாது" என்றேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஏறின.

எழிலரசி இல்லை. சஸ்பெண்ட் ஆயிற்றே. நாலு நிமிடம் லேட். டைம் கீப்பர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

19.08.2009, புதன்

பள்ளிக்குப் போய் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன். மேட்டுக்காலனிப் பிள்ளைகள் லேட்டாக வந்ததற்கு அதுகள் காரணம் இல்லை, நான்தான் காரணம் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத எழுதித் தர முடியுமா சார்? அப்பத்தான் அட்டெண்டன்ஸ சரி பண்ண முடியும்" என்றார்.

எழுதினால் டெப்போவுக்குப் போகும். எழுதினேன். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை நின்றது.

ராத்திரி ஜெயராணி சோறு போட்டாள். தட்டை வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது. கடைசியில், "நீங்க செஞ்சதுக்கு எம்புள்ள மோவாயா?" என்றாள். அதுதானே நானும் கேட்கிறேன்.

04.09.2009, வெள்ளி

டெப்போவிலிருந்து மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

எழிலரசி பள்ளிக்கு வருகிறது. முன்படியில் ஏறுகிறது, பாஸை நீட்டுகிறது, என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சிந்துஜாவின் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. உடனே என் மேலும் வருகிறது.

சிந்துஜாவும் மறுபடி பள்ளிக்குப் போகிறாள். வகுப்பில் விசில் நின்றுவிட்டதாம். ஆனால் யாரும் அவளிடம் பேசுவதில்லை. இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் சாப்பாடு. காலாண்டுப் பரீட்சை முடியட்டும், பிறகு டி.சி. என்று ஜெயராணியிடம் கெடு வாங்கியிருக்கிறேன். "நான் இங்கயே படிக்கிறன்மா" என்கிறாள் சிந்துஜா. எந்த நம்பிக்கையில் சொல்கிறாள்?

12.10.2009, திங்கள்

பரீட்சையும் முடிந்தது, லீவும் முடிந்தது. ஜெயராணி டி.சி. பேச்சை எடுத்தாள். சிந்துஜா பையை மாட்டிக்கொண்டு, "டைம் ஆச்சிப்பா, வாங்க" என்று எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டாள். மூன்று மாதம் கழித்து என் பஸ்ஸில். ஆனால் சன்னல் சீட்டில் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தாள்.

19.11.2009, வியாழன்

விடாத மழை. வெள்ளாற்றில் தண்ணீர் புரண்டு ஓடுகிறது. தனியார் வண்டி இன்று வரவே இல்லை, அந்தக் கூட்டமும் சேர்ந்து என் வண்டியில். கீரப்பாளையத்திலேயே மூச்சு விட இடம் இல்லை. அங்கே பின்படிக்கு அடுத்த சீட்டிலிருந்து ஓர் அம்மா எழுந்து இறங்கினார், சிந்துஜாவை யாரோ அந்தச் சீட்டில் தள்ளி உட்கார வைத்தார்கள்.

மேட்டுக்காலனியில் பிள்ளைகள் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு விசில். ஏறி, ஏறி, படிவரை நிறைந்துவிட்டது. கடைசியாக எழிலரசி. பின்படியில் ஒரு கால்தான் வைக்க முடிந்தது. பை வெளியே தொங்கி நனைந்துகொண்டிருந்தது. சத்தியமாக எழுதுகிறேன், என் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. "எடம்" வரைக்கும் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. சிந்துஜா. கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். எழிலரசி அந்தக் கையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தது. பை இல்லாததால் இரண்டு காலையும் உள்ளே வைக்க முடிந்தது. நான் என் முதுகைக் கொடுத்து அந்தப் பெண்ணை உள்ளே தள்ளிவிட்டுப் படியில் நின்றுகொண்டேன்.

கீழே யாரும் இல்லை என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். அப்புறம் இரண்டு விசில் கொடுத்தேன்.

பள்ளி வரைக்கும் அந்த ஈரப் பை சிந்துஜாவின் மடியில்தான் இருந்தது. யூனிபார்ம் நனைந்துவிட்டது என்று சாயந்திரம் ஜெயராணி சத்தம் போட்டாள். நான்தான் அதைப் பிழிந்து உள்கொடியில் போட்டேன்.