பல்லி விரட்டிக்குத் தொப்பி போட்ட வாரம்

மாப்ளே,

இந்த மடலில் நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று குற்றாலநாதர் சாட்சியாக உறுதிகூறித் தொடங்குகிறேன். பாவூர்சத்திரம் சந்தையில் கத்திரிக்காய் எடை போடுகிறவர்கள்கூட என் பேச்சில் முக்கால்வாசியைக் கழிவு என்று தள்ளிவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்பார்கள். உம் தங்கமான குணம் என்னவென்றால், நீர் முழுவதையும் கேட்டுவிட்டு முழுவதையும் தள்ளுவீர். இப்போது தள்ள முடியாத இடத்துக்குப் போய்விட்டீர். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று காலை காப்பி போட்டு, ஈ விழாமல் மூடி வைக்க ஏதாவது அகப்படுமா என்று அலமாரியைத் துழாவினேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி வந்தது. டம்ளர் மேல் வைத்தால் ராஜாவுக்குப் பிடித்த குடைபோல் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. இது எந்த டப்பாவின் மூடி? டப்பா எங்கே? யோசித்து யோசித்துக் காப்பி ஆறி, அதன்மேல் ஆடை கட்டி, அந்த ஆடையில் ஒரு யானை நடந்து போகலாம் என்கிற அளவுக்குக் கெட்டியான பிறகுதான் நினைவு வந்தது. டப்பாவின் மூடி இல்லை. பல்லி விரட்டியின் தொப்பி.

உம்முடைய லாட்ஜில் தீ எச்சரிக்கைக் கருவி மாட்டிய வருஷத்தை எப்படி மறப்பேன். வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல அறைக்கு ஒன்று, உத்தரத்தில். வயர் கிடையாது. உள்ளே பேட்டரி. புகை வந்தாலும் சூடு ஏறினாலும் வரவேற்பறையில் இருக்கும் பெட்டிக்குக் காற்றிலேயே சேதி சொல்லிவிடும். பெட்டி சங்கு ஊதும். முதல் நாள் ஊதிய ஊதலில் மெயினருவிக் குரங்குகள் மொத்தமாகச் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போய்விட்டன. அருவியே ஒரு நொடி விழுவதை நிறுத்திவிட்டு என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தது.

ஆனி பிறந்ததும் அடுத்த கூத்து. சாரல் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வர, அதையும் புகை என்று எண்ணிக் கிண்ணங்கள் கூப்பாடு போட்டன. நீர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி மாற்றிக்கொண்டிருந்தீர். கீழே நின்று யோசனை சொல்வது என் பொறுப்பு.

"மேகத்துக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாத மிஷினக் காசு குடுத்து வாங்கியிருக்கீரு, மாப்ளே."

"உமக்கு மட்டும் தெரியுமாக்கும்? நேத்து அடுப்புல பால் கருகி வீடு பூராப் புகை. நீரு சாரல் அடிக்குதுன்னு ஜன்னலச் சாத்திட்டுத் தூங்குனீருல்லா?"

அது சதி என்றேன். பிரம்மச்சாரியின் சமையல்மேல் சம்சாரிகளுக்கு இருக்கும் பொறாமை என்றேன். மறுநாள் ஏணியோடு என் வீட்டுப் பின்வாசலில் நின்றீர். கையில் ஒரு வெள்ளைக் கிண்ணம்.

"என்னதுவே இது?"

"பல்லி விரட்டி."

நான் பல்லிக்குப் பயந்தவன் இல்லை. அது மேலே விழுந்தால் என்ன பலன் என்பதற்குத்தான் பயந்தவன். இடது தோளில் ஒன்று விழுந்ததற்குச் சங்கரன்கோவில் போய்ப் புற்றுமண் எடுத்து வந்து ஒரு மண்டலம் பூசியவன். எதைச் சொன்னால் மறுக்கமாட்டேன் என்று உமக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அடுக்களையில் மாட்டும் என்றேன். "அங்கன வேண்டாம் மச்சான், தாளிச்சா அதுக்கு ஆவாது" என்று சொல்லி, அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள நடையில், சுவரை ஒட்டாமல், சரியாக உத்தரத்தின் மையத்தில் மாட்டினீர். பல்லி விரட்டிக்குத் தாளிதம் ஏன் ஆகாது? அன்று கேட்கத் தோன்றவில்லை. அதில் எப்போதாவது ஒரு சிவப்புப் புள்ளி கண்சிமிட்டும். பல்லிக்கு அது பாம்பின் கண்ணாகத் தெரியும் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டுவரை பரப்பினேன்.

அதற்கு நீர் செய்த பணிவிடைகளைச் சொன்னால் கோயில் குருக்கள்கூடக் கூசிப்போவார். மாதம் சில கழிந்தால் ஏணி வரும். மெல்லிய பிரஷால் அதன் இடுக்குகளைத் துடைப்பீர். சிலந்தி புகுந்தால் கெட்டுவிடும் என்பீர். பேட்டரி இரண்டையும் சேர்த்தே மாற்றுவீர். கடைசியில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழே காட்டுவீர். சிவப்புப் புள்ளி நின்று எரியும். அதே நேரம் அங்கே லாட்ஜில் சங்கு ஊதும். உம் செல்போன் அடிக்கும். "ஆமா, நான்தான். அமத்திரு" என்பீர்.

"அது என்ன மாப்ளே, நீரு இங்கன பத்தியக் கொளுத்துனா அங்கன சங்கு ஊதுது?"

"எல்லாம் நேரந்தான் மச்சான். ஏணிய ஆட்டாதேயும்."

இன்னொன்றும் எனக்குப் புரியாமலே இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கொஞ்சம் கண்ணை மூடுவேன். விழிக்கும்போது பாத்திரம் கரியாகியிருக்கும், அடுப்பு அணைந்திருக்கும், நீர் எதிரில் நிற்பீர். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மச்சான்." எப்படி ஒவ்வொரு தடவையும் சரியாக வருகிறீர் என்று நான் மண்டையை உடைத்து, கடைசியில் உமக்கு மூக்கு விசேஷம் என்று முடிவுகட்டினேன். புளியரையில் ஒரு கடுகு கருகினால் குற்றாலத்தில் என் மாப்ளைக்கு மணக்கும் என்று ஊரெல்லாம் சொன்னேன். போலீஸ் நாய்கள் உம்மைக் கண்டு எழுந்து நின்றதாகவும் சொன்ன ஞாபகம்.

நீர் போய் ஒரு சீசன் கழிந்துவிட்டது. லாட்ஜை உம் மகள் செல்விதான் பார்க்கிறாள். போன மாதம் அந்தப் பெட்டி விட்டுவிட்டுக் கீச்சிட ஆரம்பித்தது. ஒன்பதாம் எண் கருவியில் பேட்டரி தீரப்போகிறது என்று திரையில் வந்தது. லாட்ஜில் இருப்பதோ எட்டுதான். திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வந்தார். தேடும் படைக்கு நான் தலைமை ஏற்றேன். தண்ணீர்த் தொட்டிக்குள் பார்க்கச் சொன்னேன். எண்ணெய்க் குளியலுக்கு ஆள் பிடிக்கிறவரின் பையைச் சோதித்தேன். ஒன்பது என்று ஒன்று இந்த உலகத்திலேயே இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

"இல்லாத ஒண்ண இதுக்குள்ள வச்சிருந்தா கத்திக்கிட்டேதான் கெடக்கும். அழிச்சிரட்டுமா?" என்றார் மெக்கானிக்.

செல்வி தயங்கினாள். "அப்பா எதையும் காரணமில்லாமச் செய்ய மாட்டாங்க, மாமா."

"ஏட்டி, இல்லாத சாமானுக்கு என்னத்துக்குப் பாசம்? கீச்சு கீச்சுன்னு கேட்டா கெஸ்ட் ஒருத்தனும் தங்கமாட்டான். நீங்க அழிங்க தம்பி."

அவர் விரல் பொத்தானுக்குப் போகவும், சங்கு ஊதவும் சரியாக இருந்தது. திரையில் ஒன்பது. இந்தத் தடவை பேட்டரி இல்லை. தீ.

மெக்கானிக் மாடிக்கு ஓடினார். பையன்கள் ஒவ்வொரு அறையாகத் திறந்தார்கள். எங்கும் ஒரு பொட்டுப் புகை இல்லை. செல்வி மட்டும் அசையாமல் நின்றாள்.

"மாமா, ஒன்பது அடிச்சா அப்பா மாடிக்குப் போக மாட்டாங்க. நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டுப் பின்வாசல் வழியால்லா போவாங்க."

சொல்லிக்கொண்டே ஓடினாள். பின்வாசலைத் தாண்டினால் என் வீட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது. "என் வீட்டுக்கு எதுக்குட்டி ஓடுத?" என்று கேட்டபடி நானும் ஓடினேன். படைத்தலைமை ஏற்கக் கிளம்பும் அவசரத்தில் அடுப்பில் வெந்த பட்டாணியை அப்படியே விட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவு வந்தது.

பட்டாணி கரியாகியிருந்தது. அதை இங்கே மிகைப்படுத்த ஒன்றுமில்லை. பாத்திரம் பிடிக்கிற துணியை அடுப்பு ஓரமாகப் போட்டிருந்தேன்; அதன் நுனியில் தீப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் கேஸ் குழாய். செல்வி துணியை இடுக்கியால் தூக்கித் தொட்டியில் போட்டாள். சிலிண்டரை மூடினாள். புகைக்குள் இருமிக்கொண்டே நடைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளி நின்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே கொழுத்த பல்லி ஒன்று, உறவுக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"மாமா, இது என்னது?"

"பல்லி விரட்டி."

அவள் என்னைப் பார்த்தாள். பல்லியைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவள், எப்போது அழத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். யாருக்கு என்று தெரியாமல் நானே பாதியைக் குடித்தேன்.

பேட்டரி மாற்றியாயிற்று. ஒன்பதுக்கு ஒரு பேர் வைத்துக்கொண்டால் இனிக் குழப்பம் வராது என்றார் மெக்கானிக். செல்வி என் பேரைச் சொன்னாள். தீ பிடிக்கிற இடத்துக்கெல்லாம் என் பேரா என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது பெட்டியில் 'பல்லி' என்று இருக்கிறது. ஏணியில் அவள்தான் ஏறுகிறாள். நான் பிடித்துக்கொள்கிறேன். ஆட்டுவதில்லை.

ஆனால் மாப்ளே, குழப்பம் தீரவில்லை. சங்கு கேட்டு நீர் வந்த நாட்கள் எவை, தானாக வந்த நாட்கள் எவை? பால் கருகிய நாட்களை இந்தப் பக்கமும் கருகாத நாட்களை அந்தப் பக்கமும் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு பக்கத்திலும் நீர் ஒரே மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறீர். நீர் வந்தது என்னைப் பார்க்கவா, அடுப்பைப் பார்க்கவா?

இந்த நிலையில்தான் இன்று காலை மூடி அகப்பட்டது. ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நீர் கொண்டுவந்தது. "சுண்ணாம்புத் தூசி போனா அது கெட்டிரும். தொப்பி போட்டு வைக்கேன்" என்று கிண்ணத்தை மூடிவிட்டுப் போனீர். மறுநாள் வந்தீர். அதற்கடுத்த நாளும் வந்தீர். வேலை முடிகிறவரை அடுக்களையில் முக்காலியைப் போட்டு, சுண்ணாம்பு நெடியில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக் குறை சொல்லிக்கொண்டே இருந்தீர்.

"லாட்ஜில வேல இல்லையாவே?"

"தொப்பி போட்டா அதுக்குக் கண்ணு தெரியாது மச்சான். அதான் நான் இருக்கேன்."

பல்லியிடமிருந்து என்னைக் காக்கத்தான் இருக்கிறீர் என்று எனக்கு ஒரே பெருமை. கடைசி நாள் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தீர். "வச்சிக்கிடும். அடுத்த வெள்ளையடிப்புக்கு ஆவும்."

மூடியை டம்ளர் மேலேயே வைத்திருக்கிறேன். இதை எழுதும் நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தேன். அணைந்திருக்கிறது. திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

குரங்குகள் கேரளா போகவில்லை. அருவி நிற்கவில்லை. எந்தப் போலீஸ் நாயும் உமக்காக எழுந்திருக்கவில்லை. எல்லாம் என் கைச்சரக்கு. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். தொப்பி போட்ட அந்த வாரம் முழுக்கச் சங்கு ஊதவே இல்லை. நீர் வந்தீர்.