இரண்டாவது சுற்று

பொட்டு வைத்தது தப்பா, நீயே சொல் அக்கா. ஆயுத பூஜை என்று உன் மகள் நிவேதாவின் நிலம் அளக்கும் ஜி.பி.எஸ். கருவியையும் சுவாமி முன்னால் நிறுத்தினேன். நீளக் கம்பு, உச்சியில் காளான் மாதிரி ஒரு தலை. அந்தத் தலையில் சந்தனம் பூசியதும் பதறி ஓடிவந்தாள்.

"ஐயோ சின்னம்மா, மேல வேணாம்! கம்புல வையுங்க!"

துடைத்தேன். துணியில் ஒட்டிய சந்தனம் மணத்தது. நீ வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

அவள் பி.ஏ. புவியியல் சேர்ந்தபோது நம் அண்ணன் கேட்டாரே: "பூகோளம் படிச்சிட்டு இன்னாடி பண்ணப்போறே? பஸ்ஸு எந்தப் பக்கம் போவுதுன்னு சொல்லுவியா?" நீ வடையைத் திருப்பிப் போட்டபடியே, "அதுக்கும் ஆளு வேணும் இல்ல அண்ணா" என்றாய்.

படிப்பு முடிந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தை வரைபடமாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டாள். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்தார். கடைசியாகச் சென்னையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. இதுவும் கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று நீயும் தலையாட்டிவிட்டாய்.

அந்தக் கம்பெனி சொன்னது ஒன்றுதான்: உங்கள் ஊரில் நீங்களே நடந்து எடுத்த ஒரு வரைபடம், நாளை மறுநாள் காலைக்குள். அவள் கிரிவலப் பாதையின் குடிதண்ணீர்க் குழாய்களை எடுத்துக்கொண்டாள். புண்ணியமாகப் போகட்டும் என்று நாம் இருவரும் கூடவே கிளம்பினோம்.

மறுநாள் விடியற்காலையில் தொடங்கி, குழாய்க்குக் குழாய் நின்று, தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துப் போனில் குறித்துக்கொண்டே வந்தாள். வாயு லிங்கத்தருகே வந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எம லிங்கம் தாண்டியதிலிருந்து போனில் இடம் காட்டும் வசதி அணைந்து கிடந்திருக்கிறது. அங்கிருந்து குறித்த குழாய் எதற்கும் இடம் பதியவில்லை.

"திரும்பி நடந்து குறிச்சிட்டு வந்துடறேம்மா."

"மலைய இடது பக்கம் வச்சா நடப்பே? செருப்பால அடிப்பேன்."

"செருப்பே போட்டுக்கினு வரல, எதால அடிப்பே?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"அப்ப முடிச்சிட்டு, ஆட்டோல போய் அந்த எடத்த மட்டும்…"

"நடுவுல ஆரம்பிச்சா அது சுத்தா? சாயங்காலம் முழுசா இன்னொரு தரம் வரலாம் வா."

முனகிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் முதல் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. "காலைல கொட்டுச்சேம்மா!" என்றவள், அதன்பிறகு ஒரு குழாயையும் விடவில்லை. காலையில் எது வந்தது, மாலையில் எது நின்றது என்று இரண்டு நிறத்தில் போட்டு அனுப்பினாள்.

நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். ரெண்டு வேளையும் பார்க்கணும்னு எப்படித் தோணிச்சு என்று.

"எங்க அம்மா திரும்பி நடக்க வுடல சார்."

சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்கள்.

சென்னையில் அவள் போட்ட ஏரி வரைபடங்களை நீ பார்த்தாய். நீ கண்மூடிய பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. இப்போது நம் மாவட்டத்து ஏரிகளை அளக்கும் வேலை அவளுடையது. ஆபீஸ் பக்கத்திலேயே, வேங்கிக்காலில். ராத்திரிச் சாப்பாடு என் கையால்தான், குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள். நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுற்றும்போது குழாய்களைத் திறந்து பார்க்காமல் தாண்ட முடிவதில்லை. வராததை அவளுக்குப் போனில் சொல்லிவிடுகிறேன்.

எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது அக்கா. அன்று சாயங்காலம் குபேர லிங்கத்தருகே நீ கால் தாங்கித் தாங்கி நடந்தாய். ஒரு சுற்று போதாதா என்று கேட்டேன். அவள் காதில் விழாமல் நீ சொன்னாய்: "மொத சுத்து, அதுக்கு வேல கெடைக்கணும்னு. இது, எங்க போனாலும் அது ஊருக்கே வந்துடணும்னு."