காலைச் சாப்பாடு இல்லாத மாதம்

மார்சிலிங்,
சிங்கப்பூர்.

அன்பு மகள் நஸீஹாவுக்கு, வாப்பாவின் ஸலாம்.

மெல்பனில் குளிர் தொடங்கிவிட்டதா? போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நான்கு சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முன்பு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து படுத்தேனே, அது ஆறிவிட்டது என்று டாக்டரே சொன்னார். ஆனால் இதயத்துக்கான ஆஸ்பிரினை விடக் கூடாதாம். அது மறுபடி புண்ணாக்குமாம். ஆகவே வயிற்று மாத்திரையும் காலமெல்லாம் வேண்டுமாம். புண்ணாக்குவது ஒன்று, தடுப்பது ஒன்று, இரண்டையும் தருவது ஒரே டாக்டர்! நான் பள்ளிக்கூடம் போகாதவன். தேக்காவில் துணிக்கடையில் நின்றபடி நாளிதழைப் பார்த்துப் படிக்கக் கற்றவன். எனக்கு இது விளங்கவில்லை. இருந்தும் தினமும் விழுங்கினேன்.

நோன்பு மாதத்தில் நடந்ததற்கு எல்லோரும் என்னையே குறை சொல்கிறீர்கள். ‘காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்’ என்றுதான் வயிற்று மாத்திரைப் பையில் ஒட்டியிருந்தது. நோன்பில் காலை உணவு ஏது? நிறுத்தினேன். ஆஸ்பிரினுக்கு ‘உணவுக்குப் பின்’. மாலையில் நோன்பு திறக்கும்போது பள்ளிவாசல் கஞ்சி குடித்ததும் போட்டுக்கொண்டேன். இதில் என் தவறு எது? மலம் தார்போலக் கறுத்தபோது பேரீச்சம்பழம்தான் காரணம் என்று நினைத்தேன். தலைசுற்றி விழுந்த பிறகுதான் புண் திரும்பி வந்தது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பெண், “அங்கிள், விடியறதுக்கு முன்ன ஸஹர் சாப்பிடுறீங்கள்ல, அதுக்கு முன்னாடி போட்டிருக்கலாம் லா. எங்கள ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்றாள். அவர்களல்லவா சொல்லியிருக்க வேண்டும்? உன் உம்மா வேறு, “இவருக்கு முன்னாடி வர்றது கோபம் மட்டும்தாம்மா” என்று அவளோடு சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், இனி மாத்திரைக்கு அடிமையாக மாட்டேன் என்றேன். உன் உம்மா மறுநாள் காலையில் மாத்திரையை என் முன் வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். தன் சர்க்கரை நோய் மாத்திரையையும் தொடவில்லை. கேட்டதற்கு, “எனக்கும் காலைச் சாப்பாடு கிடையாதுங்க. அப்புறம் எதுக்கு மருந்து?” என்றாள். சொல்லும்போதே பசியில் அவள் கை நடுங்கியது.

போட்டுக்கொண்டேன். அரைமணி கழித்து இருவரும் ரொட்டி சாப்பிட்டோம். அன்றுமுதல் தினமும் இப்படித்தான். புண் ஆறிய பிறகும் மருந்து எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதை மட்டும் நிதானமாக எழுது. நீ சொன்னதால்தான் வாப்பா விழுங்குகிறார் என்று உம்மாவிடம் சொல்லி வை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அவள் கையில் அந்த நடுக்கத்தை நான் மறுபடி பார்க்காமல் இருக்க, நீயும் துஆ செய்.

உன் வாப்பா,
அப்துல் கையூம்