அம்மன் உப்பைத் தின்ற தம்பி

13-8-96, ஆடிக் கடைசிச் செவ்வாய்
தம்பி குற்றாலலிங்கத்துக்கு ஈரல் சுருங்கிப்போய் வருஷமாகிறது. பழைய மஞ்சள்காமாலை செய்த வேலை. குடித்துக் கெட்டான் என்று அவன் வேலைபார்த்த மில்லில் பேச்சு. பாக்குகூடப் போடமாட்டான், பாவம். இப்போது எழுந்து நின்றாலே தலைசுற்றி விழுகிறான். மேலெல்லாம் கறுத்துவிட்டது. 'ஈரல் கெட்டா அப்படித்தான்' என்கிறார்கள் எல்லாரும்.

அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்ட அவனையும் ஆட்டோவில் கூட்டிப்போனேன். வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தால், பீடத்து உப்பை அள்ளி வாயில் போடுதான்.

"ஏலே, சாமி உப்புலே அது."

"பேசாம இரு, எக்கா. நாக்கு கேக்கு."

வயிற்றில் நீர் கோத்ததால் உப்பே ஆகாது என்று டாக்டர் உத்தரவு. இதில் சாமிகுத்தம் வேறே. தாயே, புத்தியில்லாத பிள்ளை, பொறுத்துக்கோ.

14-8-96
இன்றும் மயங்கி விழுந்தான். சாமிகுத்தந்தான். யார்கிட்டயும் சொல்லல.

19-8-96
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தோம். ஜாய்சி என்று புது டாக்டரம்மா. பிரஷர் இறங்கிக் கிடக்கிறதாம். இரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் குறைவாம். "சாப்பாட்டுல உப்பு சேக்கிறீங்களா?" என்று கேட்டார். தம்பி மகள் மதுமதி என்னையே பார்த்தாள்; அவளிடம் அவனே உளறியிருக்கான். "சொல்லுங்க அத்தை, கோயில்ல நடந்தத."

மென்று முழுங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து வந்து அவன் உள்ளங்கை ரேகையையும் ஈறையும் உற்றுப் பார்த்தார். அங்கெல்லாம் கறுப்பு.

"இத ஏன் முன்னாலயே சொல்லல?"

"சாமிகுத்தம்லா தாயி. டாக்டர்கிட்ட எப்பிடிச் சொல்ல?"

கிட்னி மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது வற்றினாலும் இதே சோர்வு, இதே மயக்கம், இதே கறுப்பு; நாக்கும் உப்புக்கு ஏங்குமாம். ஈரல்மேலேயே பழியைப் போட்டு எல்லாரும் இருந்துட்டோமே — நானுந்தான்.

இரத்தம் எடுத்து, ஊசி போட்டு, மறுபடி இரத்தம் எடுத்தார்கள். சோதிப்பது மெட்ராஸில். முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தை ஏற்றிவிட்டார்.

22-8-96
எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். தாயே உலகம்மா, நெசந்தானா?

2-9-96
முடிவு வந்தது. சுரப்பி வற்றித்தான் போயிருக்கிறது. ஈரலும் அப்படியேதான் இருக்கும், பார்த்துக்கொண்டுதான் போகணும். உப்பு இனி டாக்டரம்மா சொல்கிற அளவு. மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் விடக்கூடாது. "விரதம்னு ஒரு நாள்கூட நிறுத்திராதீங்க" என்று என்னைப் பார்த்தே சொன்னார். நான் விரதக்காரி என்று யார் காட்டிக் கொடுத்தது? மதுமதியாத்தான் இருக்கும்.

17-9-96
விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். தம்பிதான் தோளைத் தட்டினான்.

"எக்கா, காப்பி ஆறுது. எந்திரி."